வால்வில் தொங்கிய சட்டை

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பேரை வளர்த்தேன். நாலு நான் பெற்றவை. இரண்டு என் அண்ணன் ராமலிங்கத்தின் பிள்ளைகள். அண்ணி காய்ச்சலில் போனபோது பெரியவன் குமரனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு மூன்று. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் போனேன். எழுத்தில் பிழை இருக்கும். விஷயத்தில் இருக்காது.

அண்ணன் போன மாதம் காலமானார். மலேசியாவில் புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் முப்பத்திரண்டு வருஷம் மெஷின் ரிப்பேர் பார்க்கிற பிட்டராக இருந்தவர். பாய்லருக்குள் இறங்கி வெல்டிங் வைப்பார். வேறு மில்லில் பாய்லர் ஒழுகினாலும் லோரி அனுப்பி அவரைத்தான் கூட்டிப் போவார்கள். கருமாதிக்குப் பழைய ஆட்கள் வந்து அவர் கைவேலையைப் புகழ்ந்தார்கள். கடைசியில் ஒருவர் சொன்னார்: "அண்ணன் ஒரே ஒரு தடவதான் தப்பு பண்ணாரு. சட்டைய மாட்ட மறந்துட்டாரு. அன்னைக்கே வெந்து போயிருக்க வேண்டியவரு." எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். குமரன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தத் தப்பு அவருடையது இல்லை. என்னுடையது.

நாலாம் நாள்

அண்ணன்தான் ஆட்களை மேய்க்கிற மண்டோரிடம் பேசி எனக்கு மில்லில் கூட்டுகிற வேலை வாங்கிக் கொடுத்தார். அதுவரை வெளிக்காட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். சேர்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

மில்லில் இரண்டு பாய்லர். ரிப்பேர் என்றால் ஒன்றை நிறுத்தி, ஆறவைத்து, அண்ணன் அதன் வயிற்றுக்குள் இறங்குவார். ஓர் ஆள் நுழைகிற ஓட்டைதான் வழி. மற்ற பாய்லர் ஓடிக்கொண்டேயிருக்கும். இரண்டுக்கும் நடுவில் பெரிய வால்வு. அதைத் திறந்தால் ஓடுகிற பாய்லரின் ஸ்டீம், ஆள் இருக்கும் பாய்லருக்குள் பாயும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவர் தன் சட்டையைக் கழற்றி வால்வுச் சக்கரத்தில் மாட்டிவிட்டுப் போவார். சட்டை தொங்கினால் ஆள் உள்ளே. சட்டை இல்லை என்றால் ஆள் வெளியே வந்தாயிற்று. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பாய்லர் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கும் என்று அண்ணன் நினைத்திருந்தார்.

அன்று காலை மண்டோர் கூட்டுகிற பெண்களை நிற்கவைத்துச் சத்தம் போட்டார். "கே.எல்.லேர்ந்து பெரிய துரைங்க வராங்க. ஒரு கந்தல் துணி கண்ணுல படக்கூடாது லா. பட்டுச்சு, உங்க தலையிலேயே கட்டி வீட்டுக்கு அனுப்புவேன்."

மதியம் கூட்டிக்கொண்டே வந்தேன். சக்கரத்தில் அண்ணன் சட்டை. தோளில் நான் போட்ட ஒட்டு, முதுகெல்லாம் எண்ணெய்க் கறை. இவ்வளவு பேர் வாங்கின பிட்டரின் சட்டையா இது? தங்கச்சி நான் ஒருத்தி இருக்கும்போது, இவரைக் கவனிக்க ஆளில்லை என்று துரைமார் நினைத்துவிட்டால்? எனக்கு ரோஷம் வந்தது. உருவிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். சவுக்காரம் போட்டு நன்றாகக் கசக்கினேன்.

என்னோடு கூட்டுகிற பாக்கியம், மில்லில் பழைய ஆள், வாளியோடு வந்தாள்.

"யாரு சட்டைடி?"

"எங்கண்ணன்து. சக்கரத்துல அசிங்கமா தொங்குச்சு."

அவள் வாளியைப் போட்டுவிட்டாள். "அடிப்பாவி! அண்ணன் உள்ள இருக்காருடி! சட்டைய எடுத்தா வால்வ தொறந்துருவாங்க! ஓடு!"

ஓடினேன். தரையெல்லாம் எண்ணெய். இரண்டு தடவை விழுந்து எழுந்தேன். அந்த நேரத்தில் அண்ணன் முகம்கூட என் கண்ணில் வரவில்லை. எங்கள் லயத்து வீட்டு வாசலில் அண்ணனின் இரண்டு பிள்ளைகளும் நிற்பதுதான் தெரிந்தது. தாய் இல்லாத பிள்ளைகள். தகப்பனை நான் வேகவைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஷிப்ட் மாறியிருந்தது. புதிதாக வந்த பாய்லர்மேன் மணியம் சக்கரத்தில் இரண்டு கையையும் வைத்திருந்தார். சட்டையைக் காணவில்லை, ரிப்பேர் முடிந்தது, குழாயைச் சூடாக்கலாம் என்று திருப்பத் தொடங்கிவிட்டார். கால் சுற்று திரும்பியிருந்தது. உஸ்ஸென்று சீறியது. கத்தினேன். மில் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையில் இருந்த ஈரச் சட்டையைச் சுருட்டி அவர் முகத்தில் எறிந்தேன்.

"என்ன லா, பைத்தியமா உனக்கு?" என்று திரும்பியவர் காலடியில் விழுந்த சட்டையைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. சக்கரத்தை மறுபக்கம் இழுத்து இறுக்கினார்.

ஓட்டையிலிருந்து யாரும் வரவில்லை. மணியம் சுத்தியலால் பாய்லரைத் தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளேயிருந்து ஒரு தட்டு கேட்டது. பிறகு அண்ணன் தலை தெரிந்தது. பிடரியும் இடது தோளும் சிவந்து தோல் கழன்றிருந்தது.

அண்ணன் என் ஈரக் கையைப் பார்த்தார். கீழே கிடந்த சட்டையைப் பார்த்தார். என்ஜினியரும் மண்டோரும் ஓடி வருவது தெரிந்தது. அதற்குள் அண்ணன் குனிந்து சட்டையை எடுத்து, வெந்த தோள்மேல் மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டார்.

"சட்டைய எங்க மாட்டின, ராமலிங்கம்?" என்றார் என்ஜினியர்.

"மாட்ட மறந்துட்டேன் துரை. போட்டுக்கிட்டே உள்ள போயிட்டேன்."

"ஏன் இவ்வளவு ஈரம்?"

"உள்ள சூடு துரை. வேர்வை."

மண்டோர் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தார். "வேர்வையில சவுக்கார வாசம் வருது. ரொம்பச் சுத்தமான மனுசன் லா நீ."

மணியம் என் பக்கமே திரும்பாமல் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து இரண்டு வாரம் வீட்டில் உட்காரவைத்தார்கள். தலைமைப் பிட்டராக்குவதாக ஒரு பேச்சு இருந்தது. அதோடு நின்றுபோனது. அவருக்குக் கீழே வேலை பழகியவர் அந்த இடத்துக்கு வந்தார்.

தோளுக்கு மருந்து தடவும்போது அழுதேன். "நான் போயிச் சொல்லிடுறேண்ணே."

"சொல்லி? நாளைக்கே உன்ன அனுப்பிருவான். வேணும்னா செஞ்ச? போ, பிள்ளைங்களுக்குச் சோத்தப் போடு."

சாவி

வேலைக்குத் திரும்பும் முன் அண்ணன் கோல சிலாங்கூர் டவுனுக்குப் போய் ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கி வந்தார். அதற்குப் பிறகு உள்ளே இறங்கும் ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். பூட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"என்கிட்ட ஏண்ணே? மணியத்துக்கிட்ட குடுங்க."

"நீ இந்தத் தப்ப ஒரு தடவ செஞ்சிட்ட தங்கச்சி. இனிமே செய்யமாட்ட. மத்தவங்க இன்னும் செய்யல."

முந்தானையில் முடிந்துகொண்டு வால்வுப் பக்கத்திலேயே கூட்டுவேன். கூட்டிய இடத்தையே கூட்டுவேன். உள்ளே அவர் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கு மூச்சு வரும். சத்தம் நின்றால் முடிச்சைத் தொட்டுப் பார்ப்பேன். அவர் வெளியே வந்து கையை நீட்டுவார், சாவியைக் கொடுப்பேன். அந்தப் பயம் ஒருநாளும் பழகவில்லை. இன்றைக்கும் குக்கர் சீறினால் எழுந்து நின்றுவிடுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஏன் என்று நான் சொன்னதில்லை. தகப்பனைக் கொல்லப் பார்த்தவள் கையால் சாப்பிட்டோமா என்று அவர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அண்ணன் இருந்தவரை அவரும் சொல்லவில்லை.

மில் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். ஒரு பொருள் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதில் கை வைக்காதீர்கள், அது அழுக்குத் துணியாக இருந்தாலும். புதிதாக வந்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்றும் நினைக்காதீர்கள். வாயால் சொல்லுங்கள்.

ராமலிங்கம் பிட்டர் ஒருநாளும் சட்டையை மாட்ட மறந்ததில்லை. அன்றும் மாட்டினார். எடுத்தவள் நான்.

தர்ஷினி, நீ குமரன் மகள். உன் அப்பாவையும் உன் அத்தையையும் கூப்பிட்டு உட்காரவை. இதை முதலிலிருந்து சத்தமாகப் படி, நான் கேட்கிறேன். சட்டை வருகிற இடத்தில் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிடாதே, கண்ணு. படித்துக்கொண்டே போ.