ராத்தாவிடம் யாரும் கேட்கவில்லை

ஜூன் பதினேழாம் திகதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து மணி இருபது நிமிடம். பிரசவ அறை வாசலுக்கு வந்த தாதி, உள்ளே வலியோடு படுத்திருந்த, என் கூடப்பிறந்த மூத்தவளான ராத்தாவிடம் சொல்லாமல், வெளியே நின்ற என்னிடம் சொன்னார்: பிள்ளையின் இதயம் துடிக்கவில்லை. எட்டு மாதம் சுமந்தவளுக்கு அதைச் சொல்லும் வேலையை என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். உம்மா மருதமுனையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. நான்தான் உள்ளே போய்ச் சொன்னேன். எந்த வார்த்தைகளில் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

ஒன்றரை மணிக்குப் பிறந்தாள். ராத்தா கண் திறப்பதற்குள் துணியில் சுற்றி எடுத்துப்போய்விட்டார்கள். ராத்தாவைக் கொண்டுபோய்ப் பிள்ளை பெற்ற தாய்மாரின் வார்டில் கிடத்தினார்கள். இரண்டு பக்கமும் பால் குடிக்கும் பிள்ளைகள்.

அதே தாதி வந்தார். பக்கத்துக் கட்டிலில், "மகள் பால் குடிச்சாவா?" என்று கேட்டார். பிறகு ராத்தாவின் பக்கம் திரும்பினார்.

"அத வெளில குடுத்தாச்சி. நீங்க பாக்க வேணாம். பாக்காட்டிக் கெதியா மறந்திரும்."

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கணம் படிக்கிறவள் நான். குழந்தை அழுதது என்று எழுதுவதே மரபு. எல்லாப் பிள்ளைகளுக்கும் மொழி 'அது' என்ற சொல்லை வைத்திருக்கிறது. ஆகவே சொல்லில் குற்றமில்லை. ஒரு கட்டிலுக்குக் 'குடிச்சாவா', அடுத்த கட்டிலுக்கு 'அது' என்று மூன்றடி இடைவெளியில் திணையைப் பங்கிட்டதுதான் குற்றம்.

ராத்தா என் கையைப் பிடித்தாள். "ஒருக்காப் பாத்தாக் காணும் எனக்கு."

இறங்கி ஓடினேன். மச்சான் பிள்ளையை மடியில் வைத்தபடி ஆட்டோவில் இருந்தார். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் அடக்க வேண்டும், குழி வெட்டியாயிற்று என்று பள்ளிவாசலிலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்களாம். நான் துணியை விலக்கிப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தகப்பனும் அதுவரை பார்த்திருக்கவில்லை. ராத்தா கேட்கிறாள் என்றேன்.

"காட்டினா மூளை பிசகிரும் எண்டு நேர்ஸ் மிஸ் செல்றாவே. நீ கெம்பஸ் போனதால டொக்டர் ஆகிட்டியா?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். வார்டு வாசலில் தாதி கையை நீட்டி மறித்தார்.

"மையித்த உள்ளுக்குக் கொண்டரப்படாது. மத்தத் தாய்மாரு பயப்படுவாங்க."

சத்தம் போட்டிருக்க வேண்டும். நானோ 'தயவுசெய்து' என்றேன். தயவு கிடைக்கவில்லை. பின்னால் வந்த மச்சான் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனார். நாலு கட்டில் தள்ளி எழும்பி உட்கார்ந்திருந்த ராத்தாவுக்குக் கண்ணில் பட்டது துணி மட்டும்தான்.

மாலையில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பிள்ளை சுவர்க்கத்தில் காத்திருக்கும் என்றார்கள். அதே மூச்சில், வயது இருக்கிறது, அடுத்ததைப் பார்க்கலாம் என்றார்கள். அந்த நம்பிக்கையோடு எனக்குப் பகையில்லை. அதை ஒருத்தியின் வாயை அடைக்க எடுத்தவர்களோடு இருக்கிறது.

மறுநாள் காலை, பார்வையாளர் நேரத்தில், கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, நான் கண்டதை ராத்தாவிடம் சொன்னேன். நெற்றிவரை இறங்கிய கறுத்த முடி. நுனி மடிந்த இடது காது. நீண்டு வளர்ந்திருந்த நகங்கள். கால் எப்படி என்று கேட்டாள். துணியைக் கால்வரை நான் விலக்கியிருக்கவில்லை. பார்க்கவில்லை என்றே சொன்னேன். நான் காணாத கால்களை அவளுக்கு வரைந்து கொடுக்க எனக்கு உரிமையில்லை.

பிறகு ஆஸ்பத்திரி அத்தியட்சகரின் அலுவலகத்துக்குக் கடிதத்தோடு போனேன். பிள்ளையை இழந்த தாயை வேறு அறையில் படுக்க வையுங்கள். பார்க்க விருப்பமா என்று அவளிடமே கேளுங்கள். அவள் சொன்ன பதிலை எழுதி வையுங்கள் என்று எழுதியிருந்தேன். எழுதுவினைஞர் தலை நிமிராமல் முறைப்பாட்டுப் பெட்டியைக் காட்டினார்.

"அத யாரு தொறக்கிற?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. கடிதம் கிடைத்ததென்று முத்திரை குத்திய பிரதி கைக்கு வரும்வரை அவருடைய மேசைக்கு முன்னால் நின்றேன்.