தூசித் தானியம்

இரசாயனவியலில் பட்டம் பெற்றுவிட்டு நான்கு வருடம் புங்குடுதீவில் வீட்டோடு இருந்தேன். ‘இன்னும் வேலை கிடைக்கவில்லையோ’ என்று கேட்பதற்கென்றே சிலர் எங்கள் வீட்டு முன் ஒழுங்கையால் போய்வந்தார்கள். அப்போதுதான் கொழும்பில் ஒரு பதிப்பகம் விஞ்ஞான நூல்களைத் தமிழாக்க ஆள் தேடியது. என்னைச் சோதித்துப் பார்க்க ஒரு அத்தியாயம் அனுப்பினார்கள். அதைச் சரியாகச் செய்தால் வேலை.

விண்மீன்களுக்கு இடையிலுள்ள முகில்களைப் பற்றிய அத்தியாயம் அது. அங்கே அணுக்கள் ஒன்றையொன்று சந்திப்பதே அரிது. ஆனால் புகையைப் போல நுண்ணிய தூசியில் அவை வந்து ஒட்டிக்கொள்கின்றன. அதன்மேல் ஒன்றோடொன்று சேர்ந்து நீராகின்றன, மெதனோலாகின்றன, பனிப்படலமாக உறைந்து கிடக்கின்றன. எங்கிருந்தோ பாய்ந்து வரும் அண்டக்கதிர் அந்தப் பனியில் மோதிச் சில மூலக்கூறுகளை மறுபடி வெளியே எறிகிறது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. இரண்டு கிழமை வேறு வேலை பார்க்காமல் கொப்பியில் எழுதி, போனில் அடித்து அனுப்பினேன்.

மறுநாள் அம்மா கொப்பியை வாசிக்கக் கேட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவர். உங்களுக்கு விளங்காது என்று சொல்லிவிட்டேன். அவர் அதை எடுத்துக்கொண்டு குசினிக்குள் அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து கேட்டார்:

“ஏன் பிள்ளை, மேலை ஆர் தானியம் காயப்போட்டவை?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். முகிலெங்கும் தூசித் தானியங்கள். ஆங்கிலத்தில் ‘கிரெயின்’ என்றிருந்தது. நுண்துகள் என்ற பொருளில் துணிக்கை என்று எழுதவேண்டிய இடத்திலெல்லாம், அவசரத்தில் அகராதியின் முதல் சொல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். அன்றைக்கே திருத்தி அனுப்பினேன். மீண்டும் வாசித்தபோது பிழை கண்ணில் பட்டதென்று கூடவே எழுதினேன். யாருடைய கண் என்று எழுதவில்லை.

ஒரு கிழமையில் பதில் வந்தது. அம்மா உரத்து வாசிக்கச் சொன்னார். வேலை கிடைத்த செய்தியை வாசித்தேன். வாசித்த வேகத்தில் அடுத்த வரியையும் வாசித்துவிட்டேன். தன் பிழையைத் தானே கண்டுபிடிப்பது எல்லாருக்கும் வாய்க்காது என்று பதிப்பாசிரியர் என்னைப் பாராட்டியிருந்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பின்னேரம் அயல்வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

“தன்ரை பிழையைத் தானே பிடிச்சவளாம். கடிதத்திலையே எழுதிக் கிடக்கு.”