நாலு பாட்டில் ரத்தம்

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அக்காவின் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகுதான் அது தெரிந்தது. எழுபதுகளின் நடுவில் பென்னாகரத்திலிருந்து அவளை ஆபரேஷனுக்காக மெட்ராஸ் கூட்டிப்போனபோது, பேசினாலே அவளுக்கு மூச்சு வாங்கியது.

டாக்டர் நாலு பாட்டில் ரத்தத்துக்கு ஆள் ஏற்பாடு செய்யச் சொன்னார்.

“இவ ரொம்ப மெலிவுங்க, ஒடம்புல ரத்தமே கம்மி. நாலு போதுமாங்களா?” என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் நாலுதாம்மா,” என்றார், தலையைத் தூக்காமல்.

பக்கத்து வார்டில் இதே ஆபரேஷனுக்காக இருந்த லாரி டிரைவர் கட்டிலை நிறைத்துப் படுத்திருப்பார். அவருக்கும் நாலுதான். அக்காவைப் பார்த்த யாருக்கும் வித்தியாசம் தெரியும். டாக்டருக்குத் தெரியவில்லை.

நானும் தம்பியும் சித்தப்பாவும் என்னோடு வேலை பார்த்த டீச்சரும் கொடுத்தோம். அக்கா புருஷன் கொடுக்கவில்லை.

“காட்டு வேல செய்யற ஒடம்பு. ரத்தம் போச்சுன்னா ஏர் புடிக்க முடியுமா?” என்றார். அவர் ஏர் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

ஆபரேஷன் அன்று மதியம் நர்ஸ் வெளியே வந்தார். ரத்தம் நிற்கவில்லை, நாலும் தீர்ந்துவிட்டது, உடனே இன்னும் வேண்டும் என்றார். கொடுத்தவர்களிடம் மறுபடி எடுக்கமாட்டார்கள். மிச்சம் இருந்தது அக்கா புருஷன் ஒருவர்தான்.

“மாமா, வாங்க,” என்று கையைப் பிடித்தேன்.

“சாப்புட்டுட்டு வந்தர்றேன்,” என்று கையை உருவிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. துரத்திப்போய் அறைந்திருக்க வேண்டும். நேரமில்லை.

டிரைவருக்கு முந்தின நாளே ஆபரேஷன் முடிந்து, ஒரு பாட்டில்தான் செலவாகியிருந்தது. ரத்த குரூப்பும் அக்காவுடையதேதான். அவர் மனைவியிடம் ஓடினேன்.

“எடுத்துக்கங்க. இதுக்குப் போய்க் கேக்கணுமா?” என்றார் அந்த அம்மா.

அக்கா பிழைத்தாள். டாக்டர் வெளியே வந்து, “இவ்வளவு தேவைப்படும்னு எதிர்பாக்கல,” என்றார்.

“நான் எதிர்பாத்தேங்க. கேட்டேனுங்களே,” என்றேன். அவர் அடுத்த வார்டைப் பார்த்து நடந்தார்.

சாயங்காலம் அக்கா புருஷன் சாத்துக்குடியோடு வந்து நின்றார். வார்டு என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கா தேறியதும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் நாளில் அவர் வந்து, “வூட்டுக்குப் போலாம்,” என்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

“நான் ஆத்தா வூட்டுக்குப் போறேங்க. நீங்க ஒடம்ப பாத்துக்கங்க.”

அப்புறம் அவள் புருஷன் வீட்டுக்குப் போகவேயில்லை. வாழ மாட்டேனென்று வந்துவிட்டவள் என்று அவர் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அவளைத்தான் குறை சொல்கிறார்கள். அவர்கள் வீட்டு விசேஷம் எதற்கும் நான் போவதில்லை.