தங்கைக்குப் போட்ட நாற்காலி

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள். அப்பா, கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வாத்தியார். அம்மா, வாதத்தில் வலது கை விழுந்தவள், சுவரோரக் கட்டிலில். அத்தை, அப்பாவுக்கு மூத்தவள், இரண்டு தெரு தள்ளி வீடு. தங்கை, பி.ஏ. முடித்து வந்தவள். அப்புறம் நான். அஞ்சாவதோடு நின்றவள்.

அம்மாவுக்குக் கை விழுந்தபோது அடுப்படிக்கு ஆள் வேண்டியிருந்தது. தங்கை இடுப்பில் இருந்தாள். நான் மூத்தவள். நின்றேன். வாத்தியார் மகள் படிக்கவில்லையா என்று திண்டுக்கல்லில் யாரும் கேட்டதில்லை.

மதுரைக்குப் பல்கலைக்கழகம் வந்த புதிது. சமூக சேவைக்கென்றே அங்கே ஒரு படிப்பு இருப்பதாகத் தங்கையின் காலேஜ் டீச்சர் சொல்லியிருந்தார். இரண்டு வருஷம், ஹாஸ்டலில் தங்க வேண்டும். முடித்தால் ஆஸ்பத்திரியிலோ மில்லிலோ உத்தியோகம். மார்க் மட்டும் போதாது. இண்டர்வியூ உண்டு.

அப்பா ஒரு பேச்சு சொல்லியிருந்தார். சீட்டு கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் கொடைரோட்டு மாப்பிள்ளை.

அந்த மாப்பிள்ளை ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். தை மாதம் வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்க்கத்தான் வந்தார். நான்தான் காபித் தட்டு கொண்டுபோய் வைத்தேன். பாயில் உட்கார்ந்தேன். கை நகம் சுத்தமாக இருந்தது அவருக்கு. அதை மட்டும் பார்த்தேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. சின்னதைத் தருவதானால் சம்மதம் என்று.

ஆக, இந்தப் பக்கம் போனாலும் அவளுக்கு. அந்தப் பக்கம் போனாலும் அவளுக்கு.

பொறாமைதான். அதற்கு வேறு பேர் எனக்குத் தெரியாது. சோறு வடிக்கும்போது வரும். லாந்தர் கண்ணாடி துடைக்கும்போது வரும். ஜெபமாலை சொல்லும்போதும் வந்தது.

எங்கள் வீட்டில் நாற்காலி ஒன்றுதான். அப்பாவுடையது. நான் தினமும் துடைத்து வைப்பேன். உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு அப்பா அதைத் தூக்கி நடுவீட்டில் போட்டார். தங்கையைப் பார்த்து, “உக்காரும்மா” என்றார். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, இண்டர்வியூ அதிகாரி மாதிரி தொண்டையைச் செருமினார். ஏன் இந்தப் படிப்புக்கு வருகிறாய் என்று முதலில் இங்கிலீஷில் கேட்டார். அப்புறம் தமிழில் கேட்டார்.

தங்கை வாயைத் திறப்பதற்குள் அத்தை குறுக்கே வந்தாள்.

“ஏன் தம்பி, பொட்டப்புள்ள இப்பிடியா நெஞ்ச நிமித்திக்கிட்டு உக்காரும்? குனிஞ்சு இரு ஆத்தா.”

“அக்கா, இது பொண்ணு பாக்குறது இல்ல. இண்டர்வியூ.”

“நாலு பேரு வரிசையா உக்காந்து ஒருத்திய ஏற எறங்கப் பாப்பாக. கேள்வி கேப்பாக. பெறகு பதில் சொல்லி விடுவாக. இதுக்குப் பேரு என்னவாம்?”

அப்பாவும் இண்டர்வியூ பார்த்தவர் இல்லை. பங்குச் சாமியார் சொல்லிக் கிடைத்த வேலை அவருடையது.

“வேணும்னா இவளக் கேளு,” என்று அத்தை என்னைக் காட்டினாள். “அஞ்சு தடவ உக்காந்தவ. நம்ம வீட்டுல இவளுக்குத்தான் பழக்கம்.”

“அஞ்சு தடவையும் பெயிலுல்ல,” என்றாள் அம்மா கட்டிலில் இருந்து.

அம்மா கேலிக்குச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தங்கையும் சிரித்தாள். அவளுக்குப் பல் வரிசை அழகு.

அதற்குப் பிறகு ஒத்திகை அத்தை கைக்குப் போய்விட்டது. தினமும் சாயங்காலம் வருவாள். உள்ளே நுழையும்போது எப்படிக் கும்பிடுவது, எந்தப் பக்கம் பார்ப்பது, எல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

“ஒரு தடவ சொன்னதும் உக்காந்துறாத. ரெண்டாந்தடவ சொல்லட்டும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. எது கேட்டாலும் ‘அப்பா சொன்னாங்க’ன்னு ஆரம்பி. அடக்கமான புள்ளன்னு தெரியும்.”

“அடக்கம் நல்லதுதான்,” என்றார் அப்பா. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

“ஏத்தா, நீ நடந்து வந்து உக்காந்து காட்டு,” என்றாள் அத்தை என்னிடம்.

அடுப்படியில் இருந்து நடந்து வந்து பாயில் உட்கார்ந்து காட்டினேன். தங்கை பார்த்தாள். அதே மாதிரி நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

என்னைப் பார்க்க வந்தவர்கள் முன்னால் எனக்குப் பேச்சே இருந்ததில்லை. கேள்வி எல்லாம் அத்தையிடம் போகும். முதல் கேள்வி வயசு. வருஷம் எது ஆனாலும் அத்தை இருபத்திமூன்று என்பாள். அப்புறம் சமையல், தையல். நான் பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வாரம் முழுக்கத் தங்கைக்குக் காலையில் முட்டை. கோழி வளர்த்தவள் நான். படிக்கிற பிள்ளை என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அப்பா பள்ளிக்கூடத்தில் இருந்து பேப்பர் கொண்டுவந்து அவளோடு உட்கார்ந்து படித்தார். “நீ என்னம்மா நெனைக்கிற?” என்று அவர் அவளைக் கேட்பது எனக்கு அடுப்படியில் கேட்கும்.

சேலைப் பேச்சு வந்தது. நான் பெட்டியில் இருந்து என்னுடைய நீலச் சேலையை எடுத்தேன். பெண் பார்க்க வந்தபோதெல்லாம் கட்டியது. நல்ல சேலை.

“மாதாவே, அது வேணாம்,” என்றாள் அத்தை. “ராசியில்லாத சேலை.”

புதுசு வாங்கினார்கள். செருப்பும் வாங்கினார்கள். நீலச் சேலையை நான் கட்டிக்கொண்டேன். துணைக்குப் போகிறவள் நான்தான். அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன்.

பாசஞ்சர் வண்டியில் போனோம். கொடைரோட்டில் நின்றது. மலைப் பழம் விற்கிறவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடினார்கள். அந்தப் பார்சல் கிளார்க் பிளாட்பாரத்தில் இருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

“மதுரைக்கா?”

“ஆமா,” என்றேன். தங்கை புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிளம்ஸ் பழம் ஒரு பொட்டலம் வாங்கி ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தார். “தங்கச்சிக்குக் குடுங்க,” என்றார்.

வண்டி நகர்ந்தது. தங்கை தொடவில்லை. “எனக்கு வேணாங்க்கா, நீ தின்னு,” என்றாள். வாடிப்பட்டி வருவதற்குள் எல்லாவற்றையும் தின்றேன். புளித்தது.

இண்டர்வியூ இடத்தில் நீள வராந்தா, பெஞ்சு போட்டிருந்தார்கள். பிள்ளைகள் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். அறைக்குப் பாதிக் கதவு. கீழே இடைவெளி. தங்கையைக் கூப்பிட்டார்கள். போனாள். கதவுக்கு அடியில் அவளுடைய புதுச் செருப்பு தெரிந்தது. நாற்காலிக் கால்கள் தெரிந்தன. இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். எதிரே இருந்தவர்களுக்கும் அதே மாதிரி நாற்காலிகள்தான். எல்லாம் ஒரே உயரம்.

சீக்கிரமே வந்துவிட்டாள். அவள் பின்னாலேயே கண்ணாடி போட்ட ஓர் அம்மா கதவு வரை வந்தார்.

“உங்க அப்பா சொன்னதெல்லாம் கேட்டாச்சு. நீங்க என்ன சொல்றீங்கன்னு யோசிச்சு வைங்க. எல்லாரும் போனப்புறம் கடைசியா கூப்பிடுறேன்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

“எது கேட்டாலும் அப்பா சொன்னாங்கன்னுதான்க்கா வாயில வருது.”

எனக்குள் ஒன்று குளிர்ந்தது. உள்ளதைத்தான் எழுதுகிறேன். செத்த நேரம் அந்தக் குளிர்ச்சியோடு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கொடைரோட்டு நினைப்பு வந்தது. சீட்டு இல்லை என்றால் அவர். ஆனியில் கல்யாணம். அதற்கும் நான்தான் சமைக்க வேண்டும். மறுபடி பற்றிக்கொண்டது.

“என்னதாண்டி கேட்டாக?”

“நீ ஏன் வர்ற, ஒனக்கு என்ன செய்யணும்னு ஆசைன்னு கேட்டாக.”

“வேற?”

“அதத்தான் மாத்தி மாத்திக் கேட்டாக.”

நான் பேசாதவள். அன்றைக்குப் பேசினேன். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏண்டி, நாற்காலியப் போட்டு உக்கார வச்சு, ஒனக்கு என்ன ஆசைன்னு கேக்குறாக. அதுக்கு ஒனக்கு அழுகை வருதா? நான் அஞ்சு தடவ பாயில உக்காந்தேன். எனக்கு அந்த ஆளப் பிடிச்சிருக்கான்னு ஒரு நாதி கேக்கல. அப்பா கேக்கல. அம்மா கேக்கல. நீ கேட்டியாடி?”

தங்கை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“கேக்கலக்கா.”

“மூக்கத் தொடச்சுக்க.”

அவள் நன்மைக்கென்று சொன்னது இல்லை அது. வயிற்றெரிச்சலில் வந்தது.

வராந்தா காலியானது. கூப்பிட்டார்கள். இந்தத் தடவை சொன்னதும் உட்கார்ந்துவிட்டாள். முதலில் போனபோது காலை நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்திருந்தாள். இப்போது முன்னால் ஊன்றியிருந்தாள். ரொம்ப நேரம் ஆனது. எனக்குப் பசித்தது.

சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். சீட்டு கிடைத்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷம் என்றேன்.

திரும்பும் வண்டியில் கூட்டம் இல்லை. கொடைரோட்டில் நின்றது. எட்டிப் பார்த்தேன். வேறு ஆள் டூட்டியில் இருந்தார். வண்டி கிளம்பிய பிறகு கேட்டேன்.

“ரெண்டாந்தடவ உள்ள என்ன சொன்ன?”

அவள் சேலைத் தலைப்பை முறுக்கினாள்.

“நீ சொன்னதத்தான் சொன்னேன். எங்க அக்கா அஞ்சு தடவ உக்காந்தான்னு. யாரும் அவளக் கேக்கலைன்னு. நானும் கேக்கலைன்னு. அப்பிடி உக்காந்திருக்கிறவுககிட்ட ஒங்களுக்கு என்ன வேணும்னு கேக்குற வேலை எனக்கு வேணும்னு சொன்னேன். அந்தம்மா கண்ணாடியக் கழட்டிட்டாக.”

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். முட்டை கொடுத்தேன். வெந்நீர் கொடுத்தேன். மாப்பிள்ளையும் போனார். என்னுடையது என்று மிச்சம் இருந்தது அந்தப் பாயும் அந்த அஞ்சு தடவையும்தான். அதையும் கொண்டுபோய் வைத்து சீட்டு வாங்கிவிட்டாள்.

அம்பாத்துறை தாண்டியது. திண்டுக்கல் மலைக்கோட்டை தெரிய ஆரம்பித்தது. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

“என்னையப் பத்தி அவுக ஏதாச்சும் கேட்டாகளா?”

“ஒன்னே ஒன்னு கேட்டாகக்கா.”

“என்ன?”

“அக்காவுக்கு என்ன வயசுன்னு.”

“என்ன சொன்ன?”

“உள்ளதச் சொன்னேன்.”

இருபத்தெட்டு.