கீஃபர் துப்பாக்கியின் கீறல்

சுடுவதற்கு முன் வில்மர் கீஃபர் வலது கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். அந்த ஈர விரலால் துப்பாக்கியின் சக்கிமுக்கிக் கல்லை ஒரு முறையும், கல் உரசும் எஃகுத் தகட்டை ஒரு முறையும் துடைப்பார். பிறகு விரலை மான்தோல் கால்சட்டையின் வலது தொடையில், எப்போதும் ஒரே இடத்தில், தேய்ப்பார். பதினோரு வருஷத்தில் அங்கே உருளைக்கிழங்கு அளவுக்குக் கரி படிந்துவிட்டது. மனைவி அர்லீன் அதைத் துவைக்கக் கூடாது; சரித்திரம் போய்விடுமாம்.

"சரித்திரம் இருக்கட்டும், நாத்தம் போனா போதும்" என்பாள் அவள்.

அவர்கள் மாவட்டமான பெர்க்ஸ் கவுண்டியில் 1770-களில் யாரோ செய்த துப்பாக்கி ஒன்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் கிடந்தது. வில்மருடையது அதன் நகல். பழைய மாதிரித் துப்பாக்கி செய்யும் ஈனோஸ் ப்ரூபேக்கர் இரண்டு வருஷம் கையாலேயே இழைத்துக் கொடுத்தது. அழகுதான், மறுக்க முடியாது. வரிவரியாய் ஓடும் மேப்பிள் கட்டையில் வில்மர் மாலைதோறும் உள்ளங்கையால் எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்தால், அர்லீனுக்குத் தன் முதுகுவலி நினைவுக்கு வரும்.

மூலத்தின் கட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் உண்டு. அதையும் போடச் சொன்னார் வில்மர். கீறலுக்கான கதையை அவரே போட்டுக்கொண்டார். பிரிட்டிஷ் சிப்பாயின் கத்தியைக் கட்டையால் தடுத்த விவசாயியின் கதை. முதல் வருஷம் ஒரு சிப்பாய். இப்போது நான்கு.

முப்பது வருஷம் ப்ரெட்செல் பிஸ்கட் தொழிற்சாலையில் உடைந்ததைப் பொறுக்கி எறிந்த கை அவருடையது. ஓய்வுபெற்ற பின், பழங்கால உடையில் பழங்காலத் துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்து, ஆட்களின் குறைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"1770-ல ஜிப் இருந்துதா, மெர்ல்?"

"உன் இடுப்பெலும்புல டாக்டர் வெச்சிருக்கானே டைட்டானியம், அது மட்டும் அந்தக் காலத்துக் கொல்லன் அடிச்சதாக்கும்?" என்பார் மெர்ல் ட்ரெக்ஸ்லர்.

தகரப் புனல் வழக்கத்தைக் கொண்டுவந்ததும் வில்மர்தான். இந்தத் துப்பாக்கியில் முதலில் குழலுக்குள் மருந்து, அதன்மேல் துணியில் பொதிந்த ஈயக்குண்டு. மருந்தை மறந்து குண்டை மட்டும் இடித்துவிட்டவர், அன்றைய விருந்து முடியும்வரை புனலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். மெர்ல் நான்கு முறை மாட்டியிருக்கிறார்.

புத்தாண்டு அன்று காலையில் சங்கம் கூடிச் சுடும். மதியம் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும். அதற்குமுன் தலைவர் தேர்தல்: ஆளுக்கொரு ஈயக்குண்டை, பிடித்தவரின் தொப்பியில் போட வேண்டும். பதினோரு வருஷமாக வில்மருக்கு வேண்டியது அந்த நாற்காலி ஒன்றுதான். இந்த முறை எதிரில் மெர்ல் மட்டும். வில்மர் ஜெயித்துவிடுவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

வருஷத்தின் முதல் வெடியை அவருக்கே கொடுத்தார்கள். புதிதாக வந்திருந்த ஒரு தம்பதி கட்டையைத் தொட்டு, "இது என்ன கீறல்?" என்று கேட்டுத் தொலைத்தார்கள்.

வில்மர் ஆரம்பித்தார். முதல் சிப்பாய் வந்தபோது துணியை வைத்தார். மூன்றாவது சிப்பாய் விழுந்தபோது குண்டைக் கோலால் இடித்தார். நான்காவது ஓடியபோது, தனியாக வைத்திருந்த சிறு குப்பியிலிருந்து தகட்டுக்கடியில் உள்ள கிண்ணியில் பற்றவைக்கும் பொடி தூவி மூடினார். நாக்கு, கல், தகடு, தொடை. குறி பார்த்து விசையை இழுத்தார்.

புஸ்.

கிண்ணியில் மட்டும் ஒரு பொறி, கொஞ்சம் புகை.

"பனி ஈரம்" என்றார் வில்மர். மறுபடி பொடி தூவினார். மறுபடி புஸ்.

மெர்ல் பக்கத்தில் வந்து, வில்மரின் தோளில் தொங்கிய, குழலுக்கான மருந்து அடைத்த மாட்டுக்கொம்பை ஒரு விரலால் நிமிர்த்தினார். "யோவ், அடைப்பானையே எடுக்கலையேய்யா நீ. நாலு சிப்பாயையும் வாயாலேயே சுட்டியா?"

முதலில் சிரித்தது அர்லீன்.

குண்டை வெளியே எடுக்க, திருகாணி வைத்த கோலைச் செருகி இரண்டு பேர் இழுத்தார்கள். மெர்ல்தான் முன்னின்று இழுத்தார், பரிவாக. அந்தப் பரிவுதான் வில்மருக்குத் தாங்கவில்லை.

தேர்தலில் வில்மரின் தொப்பியில் மூன்று குண்டுகள் விழுந்தன. ஒன்று அவருடையது. அர்லீன் எந்தத் தொப்பியில் போட்டாள் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. கழுத்தில் புனலோடு பன்றிக்கறி தின்றார். கோசு பரிமாறிய பெண்ணிடம், "அந்த விவசாயிகூட ஒரு தடவை மருந்தை மறந்திருப்பான்" என்றார். அவள் கரண்டியோடு நகர்ந்துவிட்டாள்.

கீறலின் சங்கதி ஏப்ரலில்தான் வெளியே வந்தது. ஈனோஸ்தான் அர்லீனிடம் சொன்னார். 1950-களில் எடுத்த படத்தில் மூலத் துப்பாக்கியின் கட்டை பளிங்குபோல் இருக்கிறது. கீறல் விழுந்தது 1983-ல். கண்ணாடிப் பெட்டிக்குள் பல்பு மாற்றிய ஆளின் ஸ்க்ரூடிரைவர் கை நழுவி விழுந்திருக்கிறது.

"செய்யும்போதே தெரியுமா உங்களுக்கு?" என்றாள் அவள்.

"தெரியும். அவர் கீறல் கேட்டார், போட்டேன். யார் போட்டதுன்னு கேக்கலையே."