மூன்றாம் பாட்டுக்குப் பிறகு

குழுவில் எல்லோரும் அவளைச் சவுண்டக்கா என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமென்றாலும் எழுந்து போய்த்தான் கூப்பிடுவாள். நிகழ்ச்சி நாட்களில் அரங்கின் கடைசியில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்குப் பின்னால், ஹெட்போனும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். கைதட்டுகிற கூட்டத்தில் ஒருவர்கூடப் பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை.

குழுவின் பாடகி அவளுடைய பள்ளித் தோழி. குரல் தங்கம், பழக்கம்தான் மோசம். உணர்ச்சி வந்துவிட்டால் மைக்கை விழுங்கிவிடுவாள் போலிருக்கும். அடுத்த வரியிலேயே கையை வீசி மைக்கை இடுப்புக்கு இறக்கிவிடுவாள். பதிவில் ஒரு வரி காதைக் கிழிக்கும், மறு வரி கிணற்றுக்குள்ளிருந்து வரும். கணினியிடம் விட்டால் எல்லாவற்றையும் ஒரே அமுக்காக அமுக்கிப் பாட்டின் உயிரை எடுத்துவிடும் என்று, சவுண்டக்கா வரி வரியாகச் சத்தத்தைக் கையாலேயே ஏற்றி இறக்குவாள். "என்ன சீரான குரல்!" என்று கேட்டவர்கள் மெச்சுவார்கள். பாடகி வாயெல்லாம் பல்லாக நிற்பாள். சவுண்டக்காவுக்கு அதில் வருத்தமே இல்லை. தோழிக்குக் கிடைத்தால் தனக்குக் கிடைத்த மாதிரி என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

டிரம்ஸ் வாசிப்பவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. வேலை வெட்டி இல்லாமல் வீட்டில் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தவனை, தோழியின் கையைக் காலைப் பிடித்துக் குழுவில் சேர்த்துவிட்டது அவள்தான்.

அப்போதுதான் அந்தச் சுற்றுலாக் கப்பல் வாய்ப்பு வந்தது. வருடம் முழுக்கக் கப்பலிலேயே தங்கி நிகழ்ச்சி நடத்த வேண்டும். மேடையில் நேரடியாகப் பதிவு செய்த ஒரு நிகழ்ச்சியை முதலில் அனுப்ப வேண்டும். கடலைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த சவுண்டக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரு பெரிய பெட்டிகூட வாங்கிவிட்டாள்.

"ஒரு இடம்கூட அமுங்கக் கூடாதுடீ, மொத்தமும் ஒரே அளவுல கேக்கணும்," என்றாள் பாடகி. "நம்ம தலையெழுத்தே உன் கையிலதான் இருக்கு."

இரண்டு பாட்டுகளைச் சீராக்கிவிட்டு மூன்றாவதை முடித்தபோது, கைதட்டல் அடங்கிய இடத்தில், பாடகியின் மைக்கில் ஏதோ லேசாக அசைவது திரையில் தெரிந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அந்த மைக்கின் சத்தத்தைச் சவுண்டக்கா அரங்கில் இறக்கிவிடுவது வழக்கம். ஆனால் அரங்கில் இறக்கினால் பதிவில் இறங்காது. பதிவுக்கு அது தனி வழியில் போய்க்கொண்டேயிருக்கும். இதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

மூச்சுச் சத்தமாக இருக்கும், வெட்டிவிடலாம் என்று ஏற்றிக் கேட்டாள். பாடகி யாரிடமோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"கப்பல்காரங்க ஒரு ஆளைக் குறைக்கச் சொல்றாங்க. சவுண்டைக் கழட்டி விட்டுடலாம். இந்தப் பதிவை முடிச்சுக் குடுக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். இப்பவே சொன்னா வேலையைக் கெடுத்துடுவா."

யாரோ பதில் சொன்னார்கள். "ம்ம், சரி."

அவள் மறுபடி ஓட்டிக் கேட்டாள். கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வேலையைக் கெடுத்துவிடுவாள் என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் யாருடைய பாட்டை அவள் கெடுத்தாள்?

அந்த "ம்ம், சரி" யாருடையது என்று ஏற்றி ஏற்றிப் பார்த்தாள். கூடவே இரைச்சலும் ஏறியது. கீபோர்டுக்காரர்தான் என்று முடிவு கட்டினாள். அவருக்கு எப்போதுமே அவளைக் கண்டால் ஆகாது.

பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மொத்தப் பதிவையும் முடித்தாள். தோழி கேட்டபடியே, ஒரு இடம்கூட அமுங்காமல்.

அனுப்புவதற்கு முன் ஒத்திகை அறையில் எல்லோரும் உட்கார்ந்து கேட்பது அவர்கள் வழக்கம். முதல் பாட்டு முடிந்ததும் அரங்கிலிருந்த யாரோ இருமியது பாட்டுக்குச் சமமாகக் கேட்டது. கீபோர்டுக்காரர் சிரித்துவிட்டார். "என்ன சவுண்டக்கா, இருமலைக்கூட வெட்டாம விட்டுட்டீங்க?"

"எல்லாம் ஒரே அளவுல கேக்கணும்னாங்க," என்றாள் அவள். கண் அவர் முகத்திலேயே இருந்தது.

மூன்றாம் பாட்டு முடிந்தது. கீபோர்டுக்காரர் காலாட்டிக்கொண்டிருந்தார். பாடகி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் அடங்குகிற நேரத்தில் தம்பிதான் விருட்டென்று எழுந்தான். ஸ்பீக்கரை நோக்கிப் போனான். பேச்சு இன்னும் வரவில்லை; அதற்குள் அவன் கை சத்தத்தைக் குறைக்கும் குமிழைத் தொட்டுவிட்டது.

"கையை எடுடா!"

அறை அதிர்ந்தது. அவள் குரலை அவ்வளவு உயரத்தில் அன்றுதான் கேட்டார்கள். தம்பி கையை எடுத்தான். பேச்சு வந்தது, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. கடைசியில் அந்த "ம்ம், சரி"யும் வந்தது. பாடகியின் முகத்தில் ஈயாடவில்லை. கீபோர்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியாது.

"அக்கா, நானே உங்கிட்ட சொல்லணும்னுதான்..." என்று இழுத்தான் தம்பி.

நான்காம் பாட்டு தொடங்கியிருந்தது. அவள் ஹெட்போனைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். வாசல் வரை போனவள் திரும்பி, பழைய மெல்லிய குரலிலேயே சொன்னாள்.

"பெட்டி வீட்டுல இருக்கு, எடுத்துக்கோ. ஒரு ஆளுக்குக் கொஞ்சம் பெருசுதான்."