அரச மரத்தடியில் நான் வைத்த தலை

உலகச் சண்டை முடிஞ்ச வருஷம் அது. எங்க வீட்டுக்காரர் தெலுங்குச் சீமையில, லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தச்சர். ஒருநாள் வேலை முடிஞ்சு வந்த மனுஷன் துண்டுல எதையோ சுத்தி எடுத்துட்டு வந்தார். தர்பூஸ் பழம்னு ஆசையாப் பிரிச்சேன். சுட்ட மண்ணுல செஞ்ச ஒரு தலை! கழுத்தோட ஒடிஞ்சிருக்கு, உடம்பைக் காணோம். முக்கோணமா கண்ணு, கருவிழி இருக்க வேண்டிய இடத்துல ஓட்டை, என்னமோ சொல்ல வந்து நிறுத்திக்கிட்ட மாதிரி வாய்.

மிலிட்டரி ஆஸ்பத்திரியில கட்டில் ரிப்பேருக்குப் போன இடத்துல, வெள்ளைக்காரன் பட்டாளத்துல சண்டைக்கு வந்து காலில் அடிபட்டுக் கிடந்த ஆப்பிரிக்கா சிப்பாய் ஒருத்தர் பழக்கமாம். கப்பல்ல உடையாம கொண்டுபோக மரப்பெட்டி கேட்டு, அளவுக்கு இதைக் கொடுத்து விட்டிருக்கார். அவங்க ஊர்ல வெள்ளீயம் தோண்டுற குழியில, ரொம்ப ஆழத்துல கிடைச்சதாம். எந்தக் காலத்து ஜனங்க செஞ்சதோ, யாருக்கும் தெரியாதாம். செத்தவங்களைப் புதைக்கிறப்போ கூட வைக்கிற பொம்மைன்னு ஊர்ப் பெரியவங்க சொல்வாங்களாம்.

இதை அந்த மனுஷன் சோத்துல ரசத்தை ஊத்திக்கிட்டே சொல்றார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எங்க பிள்ளை போய் மூணு மாசம்கூட ஆகல. எட்டு மாசக் குழந்தை, நாலே நாள் காய்ச்சல். அந்த வீட்டுக்குள்ள சமாதிச் சாமானைக் கொண்டுவர இவருக்கு எப்படி மனசு வந்துச்சு? வீட்டுல இது வேணாம், நக்கோன்னா நக்கோதான்னு கத்தினேன். மண்ணுதானேடி, ரெண்டு நாள் பொறுத்துக்கோன்னு பரண்மேல வச்சுட்டார்.

ரெண்டு நாளும் ஒரு இடத்துல என்னால உட்கார முடியல. அரிசி களையப் போவேன், பாதியில விட்டுட்டு வந்து பரணைப் பார்ப்பேன். வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன். மூணாம் நாள் காலையில அவர் வேலைக்குப் போனதும் எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால ஒரு அரச மரம். உடைஞ்ச சாமி பொம்மை, கண்ணாடி போன படம் எல்லாத்தையும் அங்கதான் கொண்டுபோய் வைப்போம். வீட்டுலயும் இருக்கக் கூடாது, குப்பையிலயும் போடக் கூடாது. இதுக்கும் அந்த மரியாதை போதும்னு வச்சுட்டு, வந்து தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அவர் பெட்டியோட வந்தார். சிப்பாய்க்கு நாளைக்கு ரயிலாம், சாயந்திரம் வேலை முடியிற சங்கு ஊதினதும் வாங்கிக்க வர்றாராம். ஊர்ல வேணாம் வேணாம்னு சொல்லியும் எடுத்துட்டு வந்தவராம். அதே குழியில திரும்ப வச்சாத்தான் தூக்கம் வரும்ங்கிறாராம். செத்தவங்களுக்குத் துணையா வச்சதை நான் பிரிச்சுட்டேனேன்னு அழுதாராம்.

இவர்கிட்டச் சொல்லல. அவர் அந்தாண்ட போனதும் மரத்தடிக்கு ஓடினேன். வச்ச இடத்துல தலை இல்லை! பார்த்தா, மத்த உடைஞ்ச சாமிகளுக்கு முன்னாடி நடுவுல உட்கார்ந்திருக்கு. நெத்தியில மஞ்சள், குங்குமம், கொண்டையில செவ்வரளி. தெலுங்குக்காரம்மா ரெண்டு பேர் மரத்தைச் சுத்திக்கிட்டு இருக்காங்க. இது எந்த அம்மவாரு, எந்த அம்மன்னு என்கிட்டயே கேட்கிறாங்க. நான் என்னத்தச் சொல்ல? அவங்க சுத்தி முடிச்சுக் கிளம்புறதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு. முந்தானையில மறைச்சுக்கிட்டு வந்து, தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேன். மண்ணுல கீறின கோடுகளுக்குள்ள ஏறின குங்குமம் போகவே இல்லை.

சிப்பாய் கக்கத்துக் கட்டையை ஊனிக்கிட்டு, நிலைப்படிக்குக் குனிஞ்சு உள்ள வந்தார். சின்ன வயசுதான். பொம்மைத் தலையில ஒட்டின சிவப்பைப் பார்த்ததும் இது என்னன்னு கேட்டார். எங்க வீட்டுக்காரர் என்னை முறைச்சார். எல்லாத்தையும் ஒண்ணுவிடாம கொட்டிட்டேன். இவர் தனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னார். திட்டப் போறார்னு நின்னேன். யாரோ கும்பிட்டது, அப்படியே இருக்கட்டும்னு சிப்பாய் சொன்னதும் எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

எங்கள்ல பச்சைப் பிள்ளையை எரிக்க மாட்டாங்க, புதைப்பாங்க. பொம்பளைங்க அங்க போகக் கூடாது. எந்த இடம்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. துணைக்குன்னு எதையும் நான் கொடுத்து விடல. உள்ள போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்த மரக் கிலுகிலுப்பையை எடுத்துட்டு வந்தேன். பிள்ளைக்கு எங்க வீட்டுக்காரர் கடைஞ்சு கொடுத்தது.

“இதையும் அந்தக் குழியிலயே வைப்பாரான்னு கேளுங்க”ன்னு சொன்னேன்.

எங்க வீட்டுக்காரர் அதை ஒருதரம் விரலால தடவிட்டுக் கேட்டார். சிப்பாய் ரெண்டு கையையும் நீட்டி வாங்கினார். பெட்டியில, மரத்தூளுக்குள்ள, தலைக்குப் பக்கத்துல படுக்க வச்சார். எங்க வீட்டுக்காரர் மூடியைப் போட்டுச் சுத்தியை எடுத்தார். ரெண்டு ஆணி நேரா இறங்குச்சு. மூணாவது கோணிப் போச்சு. அத்தனை வருஷத் தச்சு வேலையில அவர் கையில ஆணி கோணி நான் பார்த்தது அன்னிக்கு ஒருநாள்தான்.